ஓஸ்வியுவின் நேர்த்திக்கடன்

655ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வட இங்கிலாந்தில் இருந்த நார்தம்பிரியா நாட்டின் அரசர் ஓஸ்வியுவிடம் கொடுக்கப் பொன் இருந்தது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. மத்திய இங்கிலாந்தில் இருந்த மெர்சியா நாட்டின் அரசர் பெண்டா, முப்பது தலைவர்களின் படைகளைத் திரட்டிக்கொண்டு அவர்மேல் பாய்ந்திருந்தார். ஊர் திரும்பிப் போனால் அள்ளித் தருகிறேன் என்று ஓஸ்வியு தூது விட்டார். பெண்டா மசியவில்லை. இவன் வாங்க மாட்டேன் என்றால், வாங்கிக்கொள்கிற கடவுளுக்கே கொடுத்துவிடுவோம் என்று ஓஸ்வியு தீர்மானித்தார். ஜெயித்தால் மகளைக் கன்னித் துறவியாகக் கடவுளுக்குக் கொடுப்பது, மடங்கள் கட்டப் பன்னிரண்டு நிலங்களை எழுதிவைப்பது. இதுதான் அவர் வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன். மகள் எல்ஃப்ளெட்டுக்கு அப்போது ஒரு வயதுதான் ஆகியிருந்தது.

நவம்பர் 15 அன்று, இன்றைய லீட்ஸ் நகரத்தை ஒட்டிய பகுதியில், வின்வெட் என்ற ஆற்றங்கரையில் சண்டை நடந்தது. மழையில் ஆறு கரைபுரண்டு ஓடியது. வாளுக்கு இரையானவர்களைவிட ஓடும்போது மூழ்கிச் செத்தவர்கள் அதிகம். பெண்டா கொல்லப்பட்டார். ஓஸ்வியு சொன்னபடி கடனைத் தீர்த்தார்.

இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் பீட். ஜாரோ மடத்தில் வாழ்ந்து, 731இல் ஆங்கிலேய மக்களின் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த துறவி. அவர் இதைப் பக்திக் கதையாகத்தான் சொல்கிறார். ஆனால் கணக்கையும் விடாமல் எழுதிவைக்கிறார். தெற்குப் பகுதியான டெய்ராவில் ஆறு நிலங்கள், வடக்குப் பகுதியான பெர்னீசியாவில் ஆறு. ஒவ்வொன்றும் பத்துக் குடும்பங்களின் அளவு. அந்த நிலங்களில் மண்ணுலகப் படைச்சேவை நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாகத் துறவிகள் விண்ணுலகப் படைச்சேவை செய்வார்கள் என்கிறார். என்னைப் பொறுத்தவரை, 7ஆம் நூற்றாண்டு வட இங்கிலாந்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வரி போதும். வீரனுக்குப் போக வேண்டிய நிலம் துறவிக்குப் போயிருக்கிறது. அது ஏன் போனது, போனதால் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நிலம் எப்படிக் கைமாறியது

ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டுப் போய் அப்போது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. காசாக வரி வசூலிக்கும் அமைப்பு இல்லை, சம்பளப் படை இல்லை. அரசரைச் சுற்றி ஒரு வீரர் கூட்டம் இருக்கும். அவர்களுக்கு அரசரே சோறு போட்டு, மது ஊற்றி, கொள்ளையில் கிடைத்த பொன்னையும் வாளையும் பங்கு வைப்பார். இளைஞனாக வந்து சேர்ந்தவன் சில ஆண்டுகள் உடனிருந்து உழைத்துவிட்டால் கல்யாணம் செய்து குடியேற அவனுக்கு ஒரு நிலம் கிடைக்கும். அந்த நிலத்தின் அளவைத்தான் 'இத்தனை குடும்பங்கள்' என்று சொன்னார்கள். ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நிலம் ஓர் அலகு. ஆங்கிலத்தில் அதன் பெயர் ஹைடு. ஏக்கர் கணக்கு ஊருக்கு ஊர் மாறும்.

இதில் கவனிக்க வேண்டியது, நிலம் பொதுவாக அனுபவிக்கத்தான் கொடுக்கப்பட்டது. பெற்றவன் செத்தால் அது அரசரிடம் திரும்ப வரும், அடுத்த வீரனுக்குப் போகும். இந்தச் சுழற்சி நின்றால் படை நின்றுவிடும். புதிய நிலம் வேண்டுமென்றால் பக்கத்து நாட்டைப் பிடிக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கால அரசர்கள் கிட்டத்தட்ட ஓயாமல் சண்டை போட்டார்கள். படுக்கையில் செத்தவர்கள் குறைவு.

கிறிஸ்தவ மதம் வந்தபோது இதற்கு நேர் எதிரான ஒன்றையும் கொண்டுவந்தது. கடவுளுக்குக் கொடுத்த நிலம் திரும்பி வராது. மடத்துத் தலைவர் இறந்தாலும் மடம் இறப்பதில்லை. இப்படி என்றென்றைக்குமாகக் கொடுப்பதில் அரசருக்கு என்ன லாபம்? யோசித்துப் பார்த்தால், நிறையவே இருந்தது.

முதல் லாபம் வெற்றி. ஓஸ்வியுவின் பேரம் புதிதல்ல. 626இல் அப்போது நார்தம்பிரியாவை ஆண்ட அவருடைய மாமனார் எட்வின் இதே பேரத்தைப் பேசியிருந்தார். எட்வினைக் கொல்ல, தெற்கே இருந்த வெஸ்ஸெக்ஸ் நாட்டின் அரசர் அனுப்பிய ஆள் விஷம் தோய்த்த குறுவாளோடு வந்தான். லில்லா என்ற விசுவாசி குறுக்கே பாய்ந்து உயிரைக் கொடுத்ததால் எட்வின் காயத்தோடு தப்பினார். அன்று இரவே அரசிக்கு ஈன்ஃப்ளெட் என்ற பெண் குழந்தை பிறந்தது. வெஸ்ஸெக்ஸை ஜெயித்தால் கிறிஸ்துவை ஏற்கிறேன் என்ற எட்வின், அதற்கு அடையாளமாகக் குழந்தையை ஞானஸ்நானம் பெறக் கொடுத்தார். ஜெயித்தார், 627 ஈஸ்டர் அன்று யார்க்கில் தானும் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் புதிய கடவுள் கைகொடுத்தது ஆறு ஆண்டுகள்தான். 633இல் ஹாட்ஃபீல்டில் பெண்டாவும் வேல்ஸ் அரசர் காட்வாலனும் சேர்ந்து அவரைக் கொன்றார்கள். காட்வாலன் கிறிஸ்தவர், பெண்டா பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர். அந்தக் காலத்துப் போர்களை மதப்போர் என்று வகைப்படுத்துகிறவர்கள் இந்தக் கூட்டணியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

எட்வினை அடுத்து 634இல் ஆட்சியைப் பிடித்தவர் எதிர் வம்சத்தைச் சேர்ந்த ஓஸ்வால்ட், ஓஸ்வியுவின் அண்ணன். எட்வின் காலம் முழுக்க ஐரிஷ்காரர்களிடம் அகதியாக இருந்து, அங்கேயே கிறிஸ்தவரானவர். போருக்கு முன் மரச் சிலுவையை நட்டுவிட்டு, காட்வாலனைத் தோற்கடித்துக் கொன்றார். அப்புறம் தான் அடைக்கலம் இருந்த திசைக்கே ஆள் அனுப்பி, ஸ்காட்லாந்துக் கரையோரத் தீவான அயோனாவின் மடத்திலிருந்து ஆயர் ஒருவரை வரவழைத்தார். வந்தவர் எய்டன். 635இல் அவருக்கு லிண்டிஸ்ஃபார்ன் தீவு கிடைத்தது. அந்தத் தீவை இன்று ஒதுக்குப்புறமான தியான பூமி என்று சுற்றுலாக் கையேடுகள் வர்ணிக்கின்றன. ஆனால் அரச கோட்டையான பாம்பரோ அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, தெளிவான நாளில் கண்ணுக்கே தெரியும். எய்டனுக்கு ஆங்கிலம் சரியாக வராததால் அவர் பிரசங்கம் செய்யும்போது அரசரே பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

பழிக்குப் பதில் மடம்

இரண்டாவது லாபம் கொஞ்சம் இருண்டது. 642இல் ஓஸ்வால்டையும் பெண்டா கொன்று, தலையையும் கைகளையும் வெட்டிக் கம்பத்தில் மாட்டினார். பட்டத்துக்கு வந்த ஓஸ்வியுவுக்கு டெய்ராவில் செல்லுபடியில்லை. அங்கே எட்வினின் உறவினரான ஓஸ்வின் அரசராக இருந்தார். 651இல் இருவரும் படை திரட்டினார்கள். தன் படை சிறியது என்று கண்ட ஓஸ்வின், வீரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நம்பிக்கையான ஒரு பிரபுவின் வீட்டில் ஒளிந்துகொண்டார். அந்த நம்பிக்கையான பிரபு காட்டிக்கொடுத்தார். ஆகஸ்ட் 20 அன்று கில்லிங் என்ற இடத்தில் ஓஸ்வியுவின் ஆணைப்படி ஓஸ்வின் கொல்லப்பட்டார்.

இனிதான் சிக்கல். ஓஸ்வியுவின் மனைவி, லில்லா செத்த இரவில் பிறந்த அதே ஈன்ஃப்ளெட். அதாவது கொலையுண்டவர் அரசியின் சொந்தம், கொல்லச் சொன்னவர் அரசியின் கணவர். அந்தச் சமூகத்தில் உறவினன் கொல்லப்பட்டால் பழிக்குப் பழி வாங்க வேண்டும், அல்லது கொன்றவன் உயிர்விலை கட்ட வேண்டும். இரண்டில் எதுவும் நடக்காமல் போனால் மானக்கேடு. ஈன்ஃப்ளெட் கணவரிடம் கில்லிங்கிலேயே நிலம் கேட்டு வாங்கி அங்கே ஒரு மடம் எழுப்பினார். அதன் பொறுப்பு ஓஸ்வினின் உறவினரான டிரம்ஹியர் என்ற குருவிடம் போனது. கொல்லப்பட்டவருக்காகவும் கொன்றவருக்காகவும் அங்கே தினமும் ஜெபம் நடக்கும் என்று ஏற்பாடு.

எனக்கு இது அபாரமான ராஜதந்திரமாகப் படுகிறது. செத்தவரின் குடும்பத்துக்கு நிலம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் ஓஸ்வியு யாரிடமும் தலைகுனிந்து பணம் எண்ணிக் கொடுக்கவில்லை. உயிர்விலை கடவுள் வழியாகக் கைமாறியது. மதத் தலைவர்கள் இந்த உயிர்விலை முறையை எதிர்க்கவும் இல்லை. 679இல் டிரென்ட் ஆற்றங்கரையில் ஓஸ்வியுவின் இளைய மகன் மெர்சியாவுடனான போரில் செத்தபோது, கேன்டர்பரி பேராயர் தியோடர் நடுவில் புகுந்து, பழிக்கு உயிர் வேண்டாம், விலை போதும் என்று இரு நாடுகளையும் சமாதானம் செய்துவைத்தார்.

மூன்றாவது லாபம், வம்சத்துக்கு ஒரு நினைவுக்கூடம். வின்வெட் வெற்றிக்குப் பிறகு குழந்தை எல்ஃப்ளெட் ஹார்ட்டில்பூலில் இருந்த ஹில்டாவின் மடத்தில் விடப்பட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஹில்டா பத்துக் குடும்ப நிலம் ஒன்றைப் பெற்று விட்பியில் புது மடம் தொடங்கினார், குழந்தையும் கூடவே போனாள். ஹில்டா யார் என்றால் எட்வின் வம்சத்துப் பெண், எட்வினோடு ஞானஸ்நானம் பெற்றவர். 670இல் இறந்த ஓஸ்வியு அங்கே புதைக்கப்பட்டார். விதவையான ஈன்ஃப்ளெட் அங்கேயே வந்து சேர்ந்தார். ஹில்டாவுக்குப் பிறகு தாயும் மகளுமாக மடத்தை நடத்தினார்கள். எட்வினின் எலும்புகளையும் தேடிக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்த இரண்டு வம்சங்களும் கடைசியில் ஒரே கூரைக்கடியில் படுத்தன. 664இல் ஈஸ்டர் தேதியைப் பற்றிய புகழ்பெற்ற விவாதமும் விட்பியில்தான் நடந்தது. ஐரிஷ் வழக்கப்படி ஓஸ்வியு ஈஸ்டர் விருந்து சாப்பிடும்போது, ரோமானிய வழக்கப்படி அரசி இன்னும் தவக்கால நோன்பில் இருந்தாராம். ஓஸ்வியு ரோமின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

எல்லா ஊரிலும் இந்த உத்தி பலிக்கவில்லை. ஓஸ்வால்டின் எலும்புகளை லிண்ட்சி பகுதியில் உள்ள பார்ட்னி மடத்துக்கு அனுப்பினார் ஓஸ்வியுவின் மகள் ஓஸ்த்ரித். இவர் மணந்திருந்தது பெண்டாவின் மகன், மெர்சியா அரசர் எத்தல்ரெட்டை. சாயங்காலம் வண்டி போய்ச் சேர்ந்தது. துறவிகள் கதவைத் திறக்கவில்லை. ஓஸ்வால்ட் புனிதர் என்று தெரியும், ஆனால் எங்கள் நாட்டை அடிமைப்படுத்திய அந்நியன் அல்லவா என்றார்கள். வண்டி இரவு முழுக்க வெளியே நின்றது. விடியும்வரை அதன்மேல் ஓர் ஒளித்தூண் நின்றதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார்களாம். ஒளித்தூணை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மூடிய கதவைச் சந்தேகிக்கத் தேவையில்லை. தன் புனிதருக்கு இப்படி ஓர் அவமானத்தை பீட் சும்மா கற்பனை செய்திருக்க மாட்டார். ஓஸ்த்ரித்தை 697இல் மெர்சியப் பிரபுக்களே கொன்றார்கள். அவருடைய கணவர் 704இல் முடியைத் துறந்து, அதே பார்ட்னியில் துறவியானார்.

யாருடைய நிலம்

கொடுத்தவர் அரசர் என்று எழுதிவிட்டால் நிலம் வானத்திலிருந்து விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. 670களின் தொடக்கத்தில் ரிப்பன் தேவாலயத் திறப்பு விழாவில் ஆயர் வில்ஃப்ரிட் பீடத்தின்முன் நின்று, தனக்கு அரசர்கள் கொடுத்த நிலங்களின் பட்டியலை வாசித்தார். அதோடு நிற்கவில்லை. ஆங்கிலேயரின் வாளுக்குப் பயந்து பிரிட்டனின் பூர்வகுடிக் குருமார்கள் கைவிட்டு ஓடிய கோயில் நிலங்களின் பட்டியலையும் வாசித்தார். ரிப்பிள் ஆற்றுப் பக்கம், டென்ட் பக்கம் என்று பெயர் பெயராக வருகிறது. அவர் வாழ்க்கையை எழுதிய சீடர் இதைப் பெருமையாகவே பதிவு செய்திருக்கிறார். ஓடியவர்களும் கிறிஸ்தவக் குருமார்கள் என்பது அவருக்கு உறுத்தவில்லை. பட்டியல் வாசித்து முடிந்ததும் மூன்று பகல் மூன்று இரவு விருந்து.

தெற்கில் இதைவிடக் கொடூரம். 686இல் வெஸ்ஸெக்ஸ் அரசர் கேட்வாலா வைட் தீவைப் பிடித்து, அங்கிருந்தவர்களை அழித்துத் தன் ஆட்களைக் குடியேற்றப் பார்த்தார். அப்போது அவர் ஞானஸ்நானமே பெறவில்லை. ஆனாலும் தீவு கிடைத்தால் நிலத்திலும் கொள்ளையிலும் நாலில் ஒரு பங்கு கடவுளுக்கு என்று வேண்டிக்கொண்டிருந்தார். 1,200 குடும்ப நிலத்தில் 300 வில்ஃப்ரிட்டின் கைக்கு வந்தது.

இப்படி வந்த நிலத்தில் விளைந்ததையும் சொல்ல வேண்டும். ஓஸ்வியுவின் வீரராக இருந்து, நிலம் வாங்கும் வயதில் அதை விட்டுவிட்டு ரோமுக்குப் போனவர் பெனடிக்ட் பிஸ்காப். அவருக்கு ஓஸ்வியுவின் மகன் எக்ஃப்ரித் 674இல் வேர்மவுத்தில் 70 குடும்ப நிலமும், பிறகு ஜாரோவில் 40 குடும்ப நிலமும் கொடுத்தார். பிஸ்காப் பிரான்சிலிருந்து கல்தச்சர்களையும் கண்ணாடி செய்பவர்களையும் வரவழைத்தார், ரோமிலிருந்து புத்தகம் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஒரு புத்தகத்தின் விலை என்ன என்றும் தெரிகிறது: அவர் வாங்கிவந்த உலக விவரண நூல் ஒன்றை, எக்ஃப்ரித்துக்குப் பின் வந்த அரசர் ஆல்ட்ஃப்ரித் எட்டுக் குடும்ப நிலத்துக்கு ஈடாகப் பெற்றுக்கொண்டார். இந்த இரட்டை மடத்தில் எழுதப்பட்ட மூன்று பெரிய விவிலியப் பிரதிகளில் ஒன்று இன்றும் ஃபுளோரன்ஸ் நகரில் முழுதாக இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோல் தாள்கள். அதற்கு எத்தனை கன்றுகள் வேண்டும், அவற்றை மேய்க்க எவ்வளவு புல்வெளி வேண்டும் என்று பார்த்தால், நிலம் இல்லாமல் எழுத்து இல்லை என்பது புரியும். 716இல் இரண்டு இடத்திலும் சேர்த்து 600க்கு மேற்பட்ட துறவிகள் இருந்தார்கள்.

ஜாரோ தேவாலயத்தின் அர்ப்பணிப்புக் கல்வெட்டு இன்றும் அங்கேயே இருக்கிறது. தேதி 685 ஏப்ரல் 23, எக்ஃப்ரித்தின் 15ஆம் ஆட்சியாண்டு. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 20 அன்று எக்ஃப்ரித் வடக்கே, இன்றைய ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்ட் மக்களோடு போரிடப் போய் படையோடு அழிந்தார். அதற்கு முந்திய ஆண்டு அவருடைய படை அயர்லாந்தில் தேவாலயங்களையும் மடங்களையும் கொள்ளையடித்ததற்குக் கிடைத்த தண்டனை அது என்பது பீடின் கருத்து. ஒரு கையால் மடம் கட்டி மறு கையால் மடத்தைக் கொள்ளையடித்ததில் எக்ஃப்ரித் முரண்பாடு எதையும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எதிரியின் மடம் எதிரியின் கஜானாதானே.

நார்தம்பிரியா அதன் பிறகு வடக்கே விரியவில்லை. டிரென்ட் தோல்விக்குப் பிறகு தெற்கேயும் வழி அடைபட்டிருந்தது. பிடிக்கப் புது நிலம் இல்லை, ஆனால் மடங்களுக்கு எழுதிக்கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. வாங்குகிறவர்களும் மாறிவிட்டார்கள். மடத்துக்கு என்று பட்டயம் எழுதினால் நிலம் நிரந்தரம், படைச்சேவையும் கிடையாது. இதைப் பிரபுக்கள் புரிந்துகொள்ள எத்தனை நாள் ஆகும்? அரசரிடம் காசு கொடுத்து நிலம் வாங்கி, ஆயர்களிடம் கையெழுத்துப் பெற்று, மனைவி மக்களோடு அதே வீட்டில் இருந்துகொண்டு, தன்னை மடத் தலைவர் என்று சொல்லிக்கொண்டார்கள். வாரிசுப் பிரச்சினை நல்ல மடங்களையும் தொட்டது. 689இல் மரணப் படுக்கையில் பிஸ்காப் துறவிகளிடம் வற்புறுத்தியது இதைத்தான்: என் உடன்பிறந்தவன் என் இடத்துக்கு வருவதைவிட இந்த இடம் காடாகப் போனாலும் பரவாயில்லை.

734 நவம்பரில், சாவதற்கு ஆறு மாதம் முன்பு, பீட் யார்க் ஆயர் எக்பெர்ட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வரலாற்று நூலில் இருக்கும் நிதானம் இதில் இல்லை, கோபம் கொப்பளிக்கிறது. ஆல்ட்ஃப்ரித் இறந்ததிலிருந்து முப்பது ஆண்டுகளாக இந்தப் போலி மடங்கள் பெருகிவிட்டன, கடவுளுக்கும் பயனில்லை மனிதருக்கும் பயனில்லை என்கிறார். பிரபுக்களின் பிள்ளைகளுக்கும் உழைத்த வீரர்களுக்கும் கொடுக்க நிலமே இல்லை. கல்யாணம் செய்ய வழியில்லாமல் இளைஞர்கள் கடல் கடந்து போகிறார்கள். நாளைக்கு எதிரி வந்தால் தடுக்க யார் இருப்பார்கள் என்று கேட்கிறார். அரசரும் ஆயரும் சேர்ந்து அந்தப் பட்டயங்களைக் கிழித்தெறிய வேண்டும் என்பது அவர் யோசனை. ஏழு வயதில் மடத்தில் விடப்பட்டு, அரச மானியத்தில் சாப்பிட்டு, அதே மானியத்தில் படித்து எழுதிய ஒருவர் படைபலத்தைப் பற்றி இப்படிக் கவலைப்பட்டிருக்கிறார் என்றால் நிலைமை கைமீறியிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

மெர்சியா இதற்கு ஒரு நடுவழி கண்டுபிடித்தது. 749இல் அரசர் எத்தல்பால்ட் மடங்களுக்கு மற்றக் கடமைகளிலிருந்து விலக்கு அளித்தார், ஆனால் பாலம் கட்டும் வேலையும் கோட்டைக் காவல் வேலையும் எல்லோருக்கும் உண்டு என்றார். இந்த இரண்டு கடமைகளும், பிறகு சேர்ந்துகொண்ட படைச்சேவையும், அடுத்த நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் நிலப் பட்டயங்களில் நிலையான வாசகமாகவே ஆகிவிட்டன.

நார்தம்பிரியாவில் அப்படி ஒரு விதி வரவில்லை. ஆயர் எக்பெர்ட்டின் தம்பி எட்பெர்ட் 737இல் அரசரானார். அவர் பீடின் யோசனையில் பாதியை மட்டும் கேட்டவர்போல் நடந்துகொண்டார். ஸ்டோன்கிரேவ், காக்ஸ்வோல்ட் உட்பட மூன்று மடங்களை அவர் பிடுங்கி மோல் என்ற பிரபுவுக்குக் கொடுத்துவிட்டார் என்று ஃபோர்த்ரெட் என்ற மடத் தலைவர் ரோமுக்கே போய் முறையிட்டார். திருப்பிக் கொடு என்று போப் முதலாம் பால் அண்ணன் தம்பி இருவருக்கும் கடிதம் எழுதினார். 758இல் எட்பெர்ட் முடியைத் துறந்து யார்க்கில் துறவியானார். பட்டத்துக்கு வந்த மகன் ஓராண்டுக்குள் தன் வீட்டு ஆட்களாலேயே கொல்லப்பட்டார். 759 ஆகஸ்டில் அரசரானவர் எத்தல்வால்ட் மோல். மடங்களை வாங்கிக்கொண்ட மோல் இவர்தான் என்று வரலாற்றாளர்கள் பொதுவாகக் கருதுகிறார்கள்.